பதினேழாம் எண் சட்டை

பாளையங்கோட்டையில் பூவரசடித் தெரு என்று ஒன்று உண்டு, அந்தத் தெருவில் பூவரச மரம் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் மஞ்சள் அடித்த மாடி வீடு ஒன்று இருந்தது, அந்த வீட்டின் மாடியில் நான்கு பெண்கள் சேர்ந்து குடியிருந்தார்கள். ஒருத்திக்கு ஒருத்தி சொந்தமில்லை, ஒரே ஊர் இல்லை, கும்பிடுகிற சாமியும் ஒன்றில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்து, ஒரே வாஷிங் மெஷினில் துணி துவைத்து, சண்டை வந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்து, ஒரு குடும்பம் எப்படி இருக்குமோ அதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள். மூத்தவள் உலகம்மாள், அங்கன்வாடிகளை மேற்பார்வை பார்க்கிற வேலை, வாடகை ஒப்பந்தம் அவள் பேரில் இருந்ததால் வீட்டுக்கும் மேற்பார்வை அவள்தான். அடுத்தவள் பௌசியா, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள், ஒரு சீப்பு வாங்குவதென்றாலும் நாலு கடையில் விசாரிப்பவள். இளையவள் மாடத்தி, பேக்கரியில் மாவு பிசைபவள், அவள் இமையில்கூட எப்போதும் மைதா ஒட்டியிருக்கும். இன்னொருத்தி ஜெயராக்கினி, கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவள். இது அவளுக்கு நடந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் இடம் கேட்டு வந்த அன்று, உலகம்மாள் வாசலில் நிறுத்தி, "வீட்டுக்காரர் என்ன பண்ணுதாவ?" என்று கேட்டாள்.

"அவர் இல்லை" என்றாள் ராக்கினி.

என்னோடு இல்லை, வேலையில் இல்லை, முன்னைப் போல இல்லை என்று அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ இருந்தது, அதையெல்லாம் விரித்துச் சொல்லத்தான் அவள் மூச்சை இழுத்தாள், அதற்குள் உலகம்மாள் உச்சுக்கொட்டி, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், காப்பி போட்டுக் கொடுத்துவிட்டாள். வீடு தேடி அலைந்த இரண்டு மாதத்தில் யாரும் அவள் கையைப் பிடித்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காப்பியைக் குடித்தாள். நாளைக்குச் சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லாமல் விட்டது சிமெண்டுபோல இறுகிப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உலகம்மாள் பிச்சிப்பூவும் மெழுகுத்திரியும் வாங்கி, "ஒன் வீட்டுக்காரருக்கு எங்க பேரச் சொல்லி வை" என்று கொடுத்தனுப்புவாள், ராக்கினி கல்லறைத் தோட்டத்துக்குப் போய், யாரும் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு கல்லறையில் அதை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள்.

அவள் புருஷன் தனிஸ்லாஸ் உயிரோடுதான் இருந்தார். தனியார் பஸ் ஓட்டியவர், ஒரு மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு வழி மறந்து, பேர் மறந்து, ராக்கினியின் முகம் மறந்து, கடைசியில் மூத்திரம் வருவதும் மறந்துபோக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லத்தில் பதினேழாம் கட்டிலில் கிடந்தார். சொந்தக்காரர் உள்ளவர்களின் துணியைச் சொந்தக்காரரே துவைத்துத் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். துணி மாறிப்போகாமல் இருக்கக் காலருக்கு உள்ளே கட்டில் எண்ணைச் சிவப்பு நூலால் தைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை ராக்கினிக்கு விடுமுறை, மற்ற மூவரும் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த நாளில் அவள் இல்லத்துக்குப் போய் ஒரு பையில் அழுக்கை எடுத்துவந்து, வீட்டு மெஷினில் போட்டு, மொட்டை மாடியில் சீலைகளுக்கு நடுவில் மறைத்துக் காயவைத்து, மூவரும் திரும்புமுன் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

ஒரு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பையில் கம்பளியும் இருந்தது. நனைந்து கனத்த கம்பளி. அதை மெஷினுக்குள் திணித்து மூடியதும், மெஷின் கொஞ்ச நேரம் முனகியது, பிறகு இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. ராக்கினி கம்பளியை வெளியே உருவி, தண்ணீரை மொண்டு ஊற்றி, உள்ளே ஒட்டியிருந்த கம்பளி ரோமங்களை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் துடைத்து, ஒன்றும் நடக்காததுபோல மூடிவைத்தாள்.

சாயங்காலம் மாடத்தி தன் மாவுத்துணியைப் போட்டு பட்டனை அழுத்தினாள். மெஷின் ஒருமுறை கடகடவென்று ஆடி, ஒரேயடியாக அடங்கியது.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள் உலகம்மாள். "மாவோட போடாத, ஒதறிப் போடுன்னு. கேட்டியா நீ?"

"ஒதறித்தாங்க்கா போட்டேன்."

மறுநாள் வந்த மெக்கானிக்கிடம் உலகம்மாள், "மாவு போய் அடைச்சா இப்படி ஆவுமா?" என்று கேட்டாள். மெக்கானிக் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மாவு போனா எதுவும் ஆவும்க்கா" என்றான். தண்டு ஒடிந்துவிட்டது, சரிபார்க்கிற செலவுக்குப் புதுசே வாங்கலாம் என்றும் சொன்னான். மாடத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ராக்கினி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கம்பளி என்றால் யாருடைய கம்பளி என்று கேட்பார்கள். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் மெஷினைத் தவிர வேறு பேச்சில்லை. பௌசியா மருந்துச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி வந்தாள்: தானாகவே எல்லாம் செய்கிற மெஷினுக்குக் குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும், மாடிக் குழாயில் வருவதோ நூல்போல, முன்பக்கம் கதவு உள்ளது துணிக்கு நல்லது, ஆனால் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், துவைக்க ஒரு தொட்டி பிழிய ஒரு தொட்டி என்று இரண்டாக இருப்பதென்றால் வாளியில் மொண்டும் ஊற்றலாம், மின்சாரம் போனாலும் பாதகமில்லை, நாலு பேருக்கு ஏழு கிலோ போதும். உலகம்மாளுக்கும் இரண்டு தொட்டிதான் சம்மதம். பணம் நாலு பங்கு என்று பேச்சு வந்தபோது, "அஞ்சாப் பங்கு வச்சு ஒடச்சவ ரெண்டு பங்கு போடட்டும், அதான் நியாயம்" என்றாள். மாடத்தி தலையை ஆட்டினாள். "போடுதேன். ஆனா இனிமே நான் மெஷின்ல போடலக்கா. கைல தொவைச்சுக்கிடுதேன்" என்றாள். யாரும் அவளை வேண்டாம் என்று தடுக்கவில்லை. ராக்கினி தன் ஒரு பங்கை எண்ணி மேசைமேல் வைத்தாள், வைத்த கையை எடுத்துச் சீலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பையன் விளக்குப் போட்ட விலை உயர்ந்த மெஷின்களை முதலில் காட்டினான், உலகம்மாள் அவற்றைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். கடைசியில், பின்சுவரோரம், பார்வைக்கு வைத்து வைத்துப் பழசான ஒன்று இருந்தது. இரண்டு தொட்டி, ஏழு கிலோ, இடது விலாவில் உள்ளங்கை அளவு நசுங்கல்.

"நசுங்கல் செவத்துப் பக்கம் போயிரும்," என்றாள் பௌசியா. "அதுக்காகவே கொறைச்சுத் தாறாவ. இதுதான் நமக்கு."

ராக்கினி தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்: "இதுல கம்பளி போடலாமா?"

"கம்பளின்னா எட்டு கிலோ எடுங்கம்மா," என்றான் பையன்.

பௌசியா சிரித்தாள். "பாளையங்கோட்ட வெயில்ல யாரு கம்பளி போத்துதாவ?"

எல்லோரும் சிரித்தார்கள், ராக்கினியும் சிரித்தாள், மாடத்தி மட்டும் சிரிக்காமல் நசுங்கலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்தது, மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், பௌசியா பிஸ்மி சொன்னாள், ராக்கினி சிலுவை போட்டாள். உலகம்மாள் முதல் துவைப்பைப் போட்டாள், தன் சீலை இரண்டு, பௌசியாவின் சுடிதார் மூன்று, ராக்கினியின் வெள்ளைச் சீலை ஒன்று. பிழிகிற தொட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறியபோது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை இருந்தது. இளநீலத்தில் வெள்ளைக் கோடு, அரைக்கை, காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் பதினேழு.

"யாரு சட்டைட்டி இது?" என்றாள் உலகம்மாள்.

யாரும் போடவில்லை. பக்கத்து மாடியிலிருந்து பறந்து வந்திருக்கும் என்று பௌசியா சொன்னாள், காற்று அடித்தால் எதுவும் எங்கும் வரும். ராக்கினிக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தது அவள் கை. பழைய மெஷின் ஒடிந்ததிலிருந்து அவர் துணியை இந்த வீட்டுக்குள் கொண்டுவரக் கூசி, செவ்வாய்தோறும் இல்லத்துக் குழாயடியிலேயே துவைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருந்தாள். அந்தச் சட்டை இந்நேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் உடம்பில் இருந்தது.

"யாரதோ தெரியலியே," என்றாள்.

தெருவில் வீடு வீடாகக் காட்டினார்கள், யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த சுடலையாண்டி அதைத் தேய்த்து வண்டிக் கம்பியில் ஒரு வாரம் தொங்கவிட்டார், பிறகு, தொங்கிச் சாயம் போவதற்குப் பதில் உடம்பில் கிடக்கட்டும் என்று தானே போட்டுக்கொண்டார். அதற்குள் மெஷின் இன்னும் மூன்று சட்டைகளைத் தந்திருந்தது. வாரத்துக்கு நாலு துவைப்பு, துவைப்புக்கு ஒரு சட்டை, எல்லாம் இளநீலம், வெள்ளைக் கோடு, எல்லாவற்றிலும் பதினேழு. பௌசியா கடைக்குப் போன் பண்ணி விசாரித்தாள். ஆடித் தள்ளுபடியோடு இலவசமெல்லாம் முடிந்துவிட்டது, இருந்தாலும் வந்ததைத் திருப்பிக் கேட்கமாட்டோம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இப்படியாக அந்தச் சட்டை பூவரசடித் தெருவில் பரவியது. தண்ணீர்க் கேன் போடுகிற ஒல்லிக்காரன் போட்டாலும் அளவாக இருந்தது, கல்யாணச் சமையல் செய்கிற மூன்று பேர் பருமன் உள்ள ஐயர் போட்டாலும் அளவாக இருந்தது, பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஒன்று வாங்கிக்கொண்டார், மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒன்று வாங்கிக்கொண்டார், பெண் பார்க்கப் போன ஒருத்தன் போட்டுக்கொண்டு போய்ச் சம்பந்தம் முடித்து வந்த பிறகு, கேட்டு வந்தவர்களுக்கு உலகம்மாள் வரிசை எண் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் சில குழப்பங்கள் இருந்தன, மார்க்கெட்டில் பின்னாலிருந்து முதுகைத் தட்டி "முருங்கைக்கா வாங்கியாச்சா?" என்று கேட்ட பெண்கள் வேறொருத்தியின் புருஷனிடம் கேட்டிருந்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது, யாரிடம் கேட்டாலும் வாங்கி வந்து கொடுத்தார்கள். அடுத்த தெருக்காரர்கள் விடியும்போதே அழுக்கு மூட்டையோடு படியேறி வந்து, எங்கள் துணியையும் ஒருதரம் சுற்றிக் கொடுங்கள் என்றார்கள். "மெஷின் நாலு பேருக்குத்தான்" என்று உலகம்மாள் கதவைச் சாத்தினாள். நாலு பேர் என்று அவள் சொல்லும்போதெல்லாம், கீழே பின்கட்டில், துவைகல்லில் துணி மோதுகிற சத்தம் கேட்கும்.

மாடத்திதான் அது. விடிந்தும் விடியாமலும் எழுந்து, உப்புத் தண்ணீரில், கட்டிச் சோப்பில், மாவும் டால்டாவும் ஏறிய தன் துணிகளை அடித்துத் துவைத்தாள். ஐப்பசி வருவதற்குள் அவள் விரல் இடுக்குகள் வெடித்துவிட்டன. வெடித்த கையை மாவில் வைக்கக் கூடாது என்று பேக்கரியில் அவளைப் பிசைகிற இடத்திலிருந்து எடுத்து, பெட்டி கட்டுகிற இடத்தில் உட்கார்த்தினார்கள். பிசைகிறவள் என்றால் பேக்கரியில் ஒரு மரியாதை, அது போனது. ராக்கினி களிம்பு வாங்கி வந்தாள். கையில் கொடுக்கத் தைரியமில்லாமல், மாடத்தி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவள் தலையணைமேல் வைத்துவிட்டு வந்தாள். களிம்பு வைத்ததற்கும் சேர்த்து அன்றைக்கு வெட்கப்பட்டாள்.

தெருவில் இறங்கி நடப்பது அவளுக்கு நாளுக்கு நாள் கஷ்டமாயிற்று. பஸ் நிறுத்தத்தில் தனிஸ்லாஸ் நின்றார், டீக்கடையில் தனிஸ்லாஸ் குனிந்து டம்ளரை வைத்தார், சைக்கிளில் தனிஸ்லாஸ் பிள்ளையை முன்னால் உட்கார்த்திக்கொண்டு போனார்; அவருக்கும் ராக்கினிக்கும் பிள்ளை இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஒருநாள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவளின் சன்னலுக்கு வெளியே நீலக்கோடு வந்து நின்றது. "பேரு?" என்று நிமிராமல் கேட்டாள். அந்த ஆள் ஏதோ பேர் சொன்னார். "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டாள், சீட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. "யாருமில்லம்மா" என்றார் அவர். ராக்கினியின் பேனா அந்தக் கட்டத்தில் நின்றது, பின்னால் இருந்தவர்கள் சத்தம் போடுகிறவரை நின்றது.

கல்லறைத் திருநாள் நெருங்கியபோது தெருவில் ஒரு பேச்சு எழுந்தது. இத்தனை சட்டை வந்திருக்கிறது, உடுத்தியிருக்கிறோம், சட்டைக்கு உரியவன் யாரென்று தெரியவில்லை. "உசுரோட இருந்தா தேடி வந்திருப்பாம்லா," என்றார் சுடலையாண்டி. "செத்தவன் சட்டைதான் இது. நன்றிக்கு ஒரு வெளக்கு வைக்கண்டாமா?" எந்தச் சாமிக்காரன் என்று தெரியாததால், கல்லறைத் திருநாளன்றே வைத்துவிடுவது என்று முடிவாயிற்று, அன்றைக்கு மெழுகுத்திரியும் மலிவு. இஸ்திரி வண்டியைத் துடைத்து, அதன்மேல் ஒரு சட்டையை விரித்து, மோதினார் ஊதுபத்தி கொடுத்து, ஐயர் ஒரு குத்துப்போணி நிறையப் பாயசம் செய்து, பொழுது சாய்கிற நேரத்தில் முப்பது ஆண்கள் முப்பது நீலச் சட்டையில் வந்து நின்றார்கள்.

உலகம்மாள் ராக்கினியின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தாள், ஆறு வருஷத்துக்கு முன்னால் பிடித்த அதே கை. "நீ ஏத்தும்மா மொத திரிய," என்றாள். "பறிகொடுத்தவளுக்குத்தான் தெரியும் அந்த வலி."

ராக்கினி மெழுகுத்திரியை வாங்கினாள். தீக்குச்சியை யாரோ உரசிக் கொடுத்தார்கள். விரித்த சட்டையின் காலர் திரும்பியிருந்தது, பதினேழு தெரிந்தது. உயிரோடு இருக்கிறவருக்கு அவர் சட்டைமேலேயே விளக்கு வைக்கச் சொல்கிறார்கள், கண்ணீரும் விடச் சொல்வார்கள், தான் விடுவாள் என்றும் அவளுக்குத் தெரிந்தது. குச்சி எரிந்து விரலைச் சுட்டது.

"இது என் வீட்டுக்காரர் சட்டை," என்றாள். "அவர் சாவல. இருக்காவ. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காவ. நான் பொய் சொல்லிட்டேன்."

ஐயர் பாயசக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சுடலையாண்டி மெல்ல, "அப்ப வெளக்கு வேண்டாம்லா?" என்றார். யாரோ சட்டென்று திரிகளைப் பொறுக்கினார்கள், யாரோ ஊதுபத்தியை அணைத்தார்கள். அவளைத் திட்டுவார்கள் என்று நின்றவளைப் பெண்கள் சுற்றிக்கொண்டு, என்ன சீக்கு, எத்தனை வருஷம், சோறு யார் ஊட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். ஒரு சாகாத மனுஷனுக்குத் திவசம் செய்ய இருந்தோமே என்று தெருவே நாக்கைக் கடித்துக்கொண்டது, அந்தப் பாவம் போக ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய் அவரைப் பார்ப்பது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். உலகம்மாள் மட்டும் அன்று அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறு வருசம் பிச்சிப்பூ வாங்கிக் குடுத்தேன்" என்றாள்.

மூன்று நாள் கழித்துப் பேசினாள். பேசியபோது அழுதாள். ராக்கினியும் அழுதாள். எல்லோரும் எவ்வளவு சுலபமாக மன்னிக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க ராக்கினிக்கு உள்ளே எரிந்தது; பெரிய பொய்யைச் சொல்லிவிட்டாள், தெருவே கேட்டுவிட்டது, சின்னதைத்தான் இன்னும் சொல்லவில்லை. விடிகாலையில் துவைகல் சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன்களில் போனார்கள். இல்லத்தின் தாழ்வாரத்தில் சிமெண்டு பெஞ்சில் தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார், வெயில் முழங்காலில் விழுந்திருந்தது, இளநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டை. வரிசையாக முப்பது பேர் அதே சட்டையில் வருவதை அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார், பார்க்கப் பார்க்க முதுகு நிமிர்ந்தது.

"எல்லா டிரைவரும் வந்தாச்சா?" என்றார். "சாப்பிட்டுட்டு எடுங்க. மொதல்ல வள்ளியூர் வண்டி போவட்டும்."

"எடுத்துருதோம் அண்ணாச்சி," என்றார் சுடலையாண்டி. மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ராக்கினி அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சாம்மா?" என்றார். "எடுத்தாச்சு" என்றாள் அவள்.

உலகம்மாள் உள்ளே போய்ப் பதினேழாம் கட்டிலைச் சுற்றிவந்தாள். மேற்பார்வைக்காரி, விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், தலையணை உறையை முகர்ந்து பார்த்தாள், மடித்து வைத்திருந்த கம்பளியைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். அவள் கேட்டதில் ஒரு சந்தேகமும் இல்லை, வெறும் ஆச்சரியம்தான்: "இம்புட்டுக் கனத்த எங்கட்டி வச்சுத் தொவைச்ச, இத்தன வருசமா?"

ராக்கினி வாயைத் திறக்குமுன், பன் பொட்டலங்களோடு நின்றுகொண்டிருந்த மாடத்தி சொன்னாள்: "கைலதாங்க்கா. கீழ, நம்ம கல்லுலதான் தொவைப்பாவ. நான் பாத்திருக்கேன்."

அவள் பொட்டலத்தைப் பிடித்திருந்த விரல்களில் வெடிப்பு கறுத்திருந்தது. ராக்கினி அந்த விரல்களைப் பார்த்தாள்.

"கைல இல்ல," என்றாள். "நம்ம பழைய மெஷின்ல. அன்னைக்கு இந்தக் கம்பளியப் போட்டேன், அதுலதான் தண்டு ஒடிஞ்சுது. தொடைச்சு மூடி வச்சேன். மாடத்தி போட்டப்ப அது ஏற்கெனவே செத்துருந்துச்சு. அவ மாவு ஒண்ணுஞ் செய்யல."

இந்த முறை யாரும் அவளைச் சுற்றிக்கொள்ளவில்லை. பௌசியா, கடையில் தான் சிரித்தது நினைவுக்கு வந்ததுபோல, தரையைப் பார்த்தாள். உலகம்மாள் கம்பளியைக் கட்டிலில் வைத்தாள், அது சரிந்தது, மறுபடி எடுத்து வைத்தாள். மாடத்தியின் பக்கம் திரும்பவே அவளால் முடியவில்லை. தாழ்வாரத்தில் ஆண்கள் வள்ளியூர் வண்டிக்கு நேரமாயிற்றா என்று தனிஸ்லாஸிடம் பேசிக்கொண்டிருந்த சத்தம் வந்தது. திரும்பிவரும் வேன் ஆற்றுப்பாலம் தாண்டியதும் உலகம்மாள், "ஏட்டி மாடத்தி... நான்..." என்று தொடங்கினாள். மாடத்தி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "விடுங்கக்கா" என்றாள். அன்று இரவே உலகம்மாள் தன் கையிலிருந்து ஒரு பங்கை எடுத்து அவளிடம் கொடுத்தாள், மாடத்தி வாங்கிக்கொண்டாள், எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை துவைகல் சத்தம் கேட்டதும் ராக்கினி இறங்கிப் போனாள். மாடத்தி முழங்கால் அளவு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா முன்னாலயே?"

"தெரியும்," என்றாள் மாடத்தி, அடிப்பதை நிறுத்தாமல். "போன வருசம் ஒரு செவ்வாக்கெழம காய்ச்சல்னு சீக்கிரம் வந்தேன். மாடியில நீங்க ஒரு சட்டைய மூஞ்சில வச்சு மோந்து பாத்துட்டு நின்னிய. அழுக்குச் சட்டை. நான் அப்படியே கீழ எறங்கிட்டேன். அப்புறம் மெஷின் ஒடஞ்ச அன்னைக்கு உள்ள கைய விட்டேன், கம்பளி ரோமம் ரெண்டு ஒட்டுச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்." துணியைப் புரட்டிப் போட்டாள். "ஒவ்வொரு நாளும் இருந்தேன். நீங்க களிம்பு வாங்கி வச்சிய."

ராக்கினி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சிரு மாடத்தி," என்றாள்.

மாடத்தி முதல்முறையாக அடிப்பதை நிறுத்தினாள். கோபமாகத்தான் இருந்தாள், அந்தக் கோபத்தை ராக்கினி இத்தனை நாளாகப் பார்த்ததில்லை, பார்க்கத் துணிந்ததில்லை. "மன்னிக்கதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. பத்து வாரம் இந்தக் கல்லுல தொவைச்சேன். பத்து வாரம் என் துணிய நீங்க தொவைங்க. மெஷின்ல இல்ல, இதே கல்லுல. அப்புறம் பாப்போம்."

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் ராக்கினியின் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும், அதில் ஒரு வாரத்து மாவுத்துணி இருக்கும். அவள் இறங்கிப் போய்த் தண்ணீர் இறைத்து, கட்டிச் சோப்புப் போட்டு, தோளுக்குமேல் தூக்கி அடித்துத் துவைத்தாள், பக்கத்து மாடியிலிருந்தும் பின்வீட்டிலிருந்தும் பார்த்தார்கள், எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நிமிர்த்தவும் இல்லை. நாலாம் வாரம் விரல் இடுக்கு வெடித்தது. களிம்பு போட்டுக்கொள்ளவில்லை. மாடத்தியின் கை ஆறியது, பேக்கரியில் மறுபடி மாவுக்குத் திரும்பினாள், முன்பைவிட அதிக மாவோடு வீட்டுக்கு வந்தாள், அதை உதறாமல் அப்படியே கூடையில் போட்டாள். மெஷின் அந்த நாட்களில் போட்ட துணியைத்தான் திருப்பித் தந்தது, கூடுதலாக ஒன்றும் வரவில்லை. தெருக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், வாரன்டி இருக்கும்போதே கடையில் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்டார்கள். இருந்த சட்டைகள் எல்லாச் சட்டைகளையும் போல காலரில் நைந்தன, பட்டன் உதிர்ந்தன, சில சைக்கிள் துடைக்கப் போயின.

பத்தாவது வாரம் தை பிறந்திருந்தது. ராக்கினி கடைசித் துணியைப் பிழிந்து, கொடியில் போட்டு, கூடையைக் கழுவி, மாடத்தியின் அறை வாசலில் கவிழ்த்து வைத்தாள். மாடத்தி வேலையிலிருந்து வந்து, காலால் கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராக்கினி எழுந்து கதவைத் திறந்தபோது, வாசலில் கூடை இருந்தது. நிறைய மாவுத்துணி, மேலே, இதுவரை அவளிடம் துவைக்கக் கொடுத்திராத மாடத்தியின் உள்துணிகளும் போர்வையும். பத்து வாரம் போதவில்லை என்று சொல்கிறாளா, இல்லை வேறு எதையாவது சொல்கிறாளா என்று ராக்கினிக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கலாம், மாடத்தி உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள், கதவு திறந்துதான் இருந்தது.

ராக்கினி கேட்கவில்லை. கூடையை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.